பச்சிலையும் கடைச்சரக்கும்: வித்துரா மலைச்சரிவின் முற்றத்து மூலிகை வரலாறு

தமிழ் மருத்துவ வரலாறு பெரும்பாலும் சுவடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நூலின் காலம் யாது, ஆசிரியர் யார், அகத்தியர் பெயரில் வழங்கும் நூல்களுள் பழையன எவை, பிற்காலத்தன எவை என்னும் வினாக்களே ஆய்வாளர் கருத்தை மிகுதியும் ஈர்த்துள்ளன. இவை வேண்டாத வினாக்கள் அல்ல. ஆயினும் நோயுற்றவர் உட்கொண்ட மருந்தில் ஒரு பெரும்பகுதி சுவடியிலிருந்து வந்ததன்று. வீட்டின் பின்புறத்திலிருந்து வந்தது. பிள்ளைக்குச் சளி கண்டால் தாய் கிள்ளும் கற்பூரவள்ளி இலைக்கோ, காமாலைக்கு அரைக்கும் கீழாநெல்லிக்கோ சுவடி திறக்கப்பட்டதில்லை. எழுதப்படாத இம்மருந்துக்கு வரலாறு உண்டா, உண்டெனில் அதனை எங்கிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு உரிய களமாக வித்துரா கொள்ளப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெடுமங்காட்டிலிருந்து பொன்முடி செல்லும் வழியில், மலை தொடங்கும் இடத்தில் அமைந்த ஊர் இது. அருகில் கல்லாறு ஓடுகிறது. கிழக்கே அகத்தியமலைத் தொடர் எழுகிறது. அத்தொடரின் மறுசரிவு பாபநாசமும் பொருநையும் ஆகும். சித்த மருத்துவ மரபு தன் முதல்வராகக் கொள்ளும் முனிவரின் மலைக்கு மேற்கில் வாழ்வோர் எவ்வாறு மூலிகையைப் பேணினர் என்பது தமிழாய்வின் எல்லைக்குப் புறம்பானதாகாது.

பச்சையும் உலர்வும்

முதற்கண் சொற்களை நோக்கலாம். தமிழ் மருத்துவ வழக்கில் 'பச்சிலை' என்றும் 'கடைச்சரக்கு' என்றும் இரு சொற்கள் எதிரெதிராக நிற்கின்றன. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை முதலியன கடைச்சரக்கு. உலர்ந்தவை, எடை போட்டு விற்கப்படுபவை, தொலைவிலிருந்து வரத்தக்கவை. பச்சிலை என்பது பறித்த அன்றே பயன்பட வேண்டியது. மலையாளத்தில் இதே இணை 'அங்ஙாடி மருந்து', 'பச்ச மருந்து' என வழங்குகிறது. அங்ஙாடி மருந்தா பச்ச மருந்தா என்று அறியாதவர் என ஒருவரைச் சொன்னால், எடுத்துக்கொண்ட பொருளின் அரிச்சுவடியும் தெரியாதவர் என்பது அங்குப் பொருள். மருத்துவப் பிரிவொன்று பொதுமக்கள் வழக்கில் அறிவின் அளவுகோலாகவே நிலைபெற்றுவிட்டமை இதனால் புலனாகும்.

இப்பிரிவு வெறும் வழக்கு மட்டுமன்று, நூல்வழிப்பட்டதும் ஆகும். சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுட்காலமும் குறிக்கிறது. சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகியவற்றிற்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்திற்கு 3 மாதம். பற்பத்திற்கோ நூறாண்டு. இவ்வரிசையை மருந்தியல் அட்டவணையாக மட்டும் படித்து விடுவது வழக்கம். இதனைச் சமூக வரலாற்றுச் சான்றாகவும் படிக்கலாம். நூறாண்டு நிலைக்கும் பற்பத்தை மருத்துவர் தம்முடன் எடுத்துச் செல்லலாம், மாணாக்கருக்கு விட்டுச் செல்லலாம், அரண்மனைக்கு அளிக்கலாம். ஒரு சாமம் மட்டுமே நிலைக்கும் சாற்றை எங்கும் எடுத்துச் செல்ல இயலாது. அது செடியின் அருகிலேயே பிழியப்பட வேண்டும். நோயாளர் செடியிருக்கும் இடத்திற்கு வரவேண்டும், அல்லது செடி நோயாளர் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் மூலிகை வளர்க்கும் பழக்கத்தின் வேர் இந்த ஒரு சாமக் கணக்கில் இருக்கிறது எனலாம்.

பறிப்பதும் மருந்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. மூலிகைக்குக் காப்புக் கட்டுதல், சாபநிவர்த்தி செய்தல், குறித்த பொழுதில் பறித்தல் என்னும் விதிகள் சுவடிகளில் விரிவாக உள்ளன. இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளுவோரும் உளர். மறைபொருள் எனப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் காணாது விடுவது ஒன்றுண்டு. பறிப்பவருக்கும் செடிக்கும் இடையே நேருக்கு நேரான உறவு இருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் முற்கோள். கடையில் பொட்டலமாக வாங்கும் சரக்குக்கு யாரும் காப்புக் கட்டுவதில்லை.

காணி என்னும் சொல்

வித்துரா மலைச்சரிவின் பழங்குடியினர் காணிக்காரர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பிலும், எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937இல் வெளியிடத் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய நூலிலும் இவர்களைப் பற்றிய செய்திகள் இடம்பெற்றுள்ளன. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு இவர்களுடையது என்பது தொடர்ந்து சுட்டப்பட்டு வந்துள்ளது. 'கலந்த' என்னும் சொல் இங்குச் சற்றே இடறுகிறது. இரு மொழிகளும் இன்றைய வடிவில் பிரிந்து நின்ற பின்னர்க் கலந்தவையா, பிரியாத நிலையின் எச்சமா என்பதை மொழியியலார் ஆராய வேண்டும்.

காணி என்பதற்குக் காணிக்கை என்பதோடு தொடர்பு கூறுவர். மலைபடு பொருள்களைத் திருவிதாங்கூர் அரசர்க்குக் காணிக்கையாகச் செலுத்தியமையால் இப்பெயர் வந்தது என்பது அவ்விளக்கம். ஓணத்தை ஒட்டித் திருவனந்தபுரம் அரண்மனைக்குத் தேன் முதலியன கொண்டு சென்று வழங்கும் மரபும், அரியணைப் பூசலில் மறைந்து திரிந்த மார்த்தாண்டவர்மருக்குக் காணிக்காரர் அடைக்கலம் தந்தனர் என்னும் செவிவழிச் செய்தியும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. ஆனால் தமிழ்க் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்குக் காணி என்றவுடன் நினைவுக்கு வருவது வேறு பொருள்: வழிவழி உரிமையுடைய நிலம், காணியாட்சி. எண்பதில் ஒரு கூறு என்னும் பின்ன அளவும் அச்சொல்லுக்கு உண்டு. நிலவுரிமையைக் குறிக்கும் சொல்லைப் பெயராகக் கொண்ட மக்கள், இருபதாம் நூற்றாண்டில் தாம் வாழும் நிலத்தில் உரிமையற்றோராய், காப்புக்காடுகளுக்குள் அரசின் விதிகளுக்குட்பட்டுக் குடியிருந்தோராய் ஆயினர். இவ்விளக்கங்களுள் எது சரி என்று முடிவு கட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொடுப்பவர் எனவும் உடையவர் எனவும் ஒரே பெயரை இரு வகையில் படிக்க இயலும் என்பதே பின்னர் வரும் செய்திகளுக்கு வேண்டியது.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெடுமங்காடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. பாபநாசம் மலைக் காணிக்காரரைப் போலப் பேச்சிப்பாறைக் காணிக்காரரும் தமிழகத்தார் ஆயினர். வித்துராக் காணிக்காரர் கேரளத்தார் ஆயினர். ஒரே மலையின் செடியறிவு இரு மாநிலக் கல்வித் துறைகளின் ஆய்வெல்லைகளால் பகுக்கப்பட்டமை அதன்பின் நேர்ந்தது.

ஊர்க்குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி எனப்படுவார். நோய் தீரச் சாற்றுப்பாட்டுப் பாடும்போது கொக்கரை என்னும் இரும்புக் கருவி இசைக்கப்படும். பாட்டும் பச்சிலையும் ஒருவர் பொறுப்பிலேயே இருந்தன என்பது கருதத்தக்கது. மருந்தறிவு எல்லார்க்கும் பொதுவான செய்தியாக இருந்திருப்பின் பிலாத்தி என்றொரு பதவி தேவைப்பட்டிராது.

முற்றத்தில் தானாய் முளைப்பவை

மலைக்குடியிருப்பை விட்டுச் சற்றே கீழிறங்கி, வித்துரா, நெடுமங்காடு வட்டாரத்து ஊர் வீடுகளை நோக்கலாம். வீட்டைச் சுற்றிய நிலத்திற்குத் தென்திருவிதாங்கூரில் 'விள' என்று பெயர். குமரி மாவட்டத் தமிழில் அது 'விளை'. அம்மாண்டிவிளை போலும் ஊர்ப்பெயர்களில் இச்சொல் பரவிக் கிடக்கிறது. தென்னையும் மிளகும் வாழையும் பலாவும் விளையில் வைக்கப்படும். மூலிகையோ பெரும்பாலும் வைக்கப்படுவதன்று, விடப்படுவது.

கேரள வீடுகளில் போற்றப்படும் தசபுஷ்பம் இதற்குச் சிறந்த சான்று. பத்துப் பூக்கள் என்று பெயரிருந்தும் பயன்படுவது முழுச்செடியே. கறுக, விஷ்ணுகிராந்தி, முக்குற்றி, பூவாங்குறுந்நில, நிலப்பன, கய்யோன்னி, உழிஞ, செறூள, முயல்ச்செவியன், திருதாளி என்பன அவை. தமிழில் முறையே அறுகு, விஷ்ணுகிரந்தி, தீண்டாநாழி, பூவாங்குருந்தல், நிலப்பனை, கரிசலாங்கண்ணி, முடக்கற்றான், சிறுபூளை, முயற்செவி, தாளி எனலாம். மார்கழித் திருவாதிரையில் பெண்கள் இவற்றைத் தலையில் சூடுவர். கர்க்கடகம் எனப்படும் ஆடி மாதத்து மழையில் இவை செழித்து வளரும். அம்மாதத்தில் கஞ்சியில் மூலிகை சேர்ப்பதும், முக்குற்றியை அரைத்துப் பொட்டிடுவதும் வழக்கம்.

இப்பத்தும் களைகள் என்பதே இங்கு முதன்மையான செய்தி. வேளாண் அலுவலரிடம் காட்டினால் பிடுங்கி எறியச் சொல்வார். வரப்பிலும் முற்றத்து ஓரத்திலும் மழைக்குத் தானாய் முளைக்கும் இவற்றை யாரும் விதைப்பதில்லை. இவற்றைப் பேணுதல் என்பது பிடுங்காது விடுதலே. முற்றம் பெருக்கும் பெண், எதனைப் பிடுங்குவது, எதனை விடுவது என்று நாள்தோறும் தேர்கிறாள். இந்தத் தேர்வே அவளது தோட்டக்கலை. வீட்டு மூலிகைத் தோட்டம் என்றவுடன் பாத்தி கட்டி, பெயர்ப்பலகை நட்டு, நீர் பாய்ச்சும் காட்சி நம் மனத்தில் எழுவது அண்மைக்காலப் பழக்கம்.

தமிழறிஞர்க்கு இப்பட்டியலில் சிறப்பாகச் சுவை தருவது உழிஞை. தொல்காப்பியம் கூறும் புறத்திணைகளுள் மதில் முற்றுகையைக் குறிப்பது உழிஞைத்திணை. உழிஞையைக் கொற்றான் என உரைகள் விளக்கும். கொற்றான் இன்றைய எச்செடி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் உழிஞை என்னும் சொல் செடிப்பெயராக வழக்கிழந்து விட்டது. வித்துராப் பகுதியில் வேலியில் படரும் முடக்கற்றான் கொடிக்கு அப்பெயரே இன்றும் வழங்குகிறது. இதனால் சங்ககாலத்து உழிஞை முடக்கற்றானே என்று நிறுவிவிட முடியாது; பெயர்கள் செடிவிட்டுச் செடி தாவும் இயல்புடையன. எனினும் ஏட்டில் திணைப்பெயராக உறைந்துபோன ஒரு சொல்லை, வேலியோரத்துக் கொடியின் பெயராக வாழ வைத்தவர்கள் உரையாசிரியர் அல்லர் என்பதை மறுக்க இயலாது. சிறுபூளையும் அவ்வாறே. கொங்குநாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக்கட்டில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துப் பூளைப்பூவை இறவாரத்தில் செருகுவர். தசபுஷ்பத்தில் அதே செடி செறூள ஆகிறது. மலையின் இருபுறத்தும் அச்செடி பெண்கள் கையிலும் சடங்கிலுமே தங்கிநிற்கிறது.

கல்லாற்று மருத்துவச்சி

இவ்வறிவு ஒருவரிடம் எவ்வாறு திரண்டு நின்றது என்பதற்கு வித்துராவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கல்லாறு வனப்பகுதியில் மொட்டமூடு என்னும் காணிக்குடியிருப்பைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா 1995இல் கேரள அரசின் நாட்டுவைத்திய ரத்தினம் விருதும், 2018இல் நடுவணரசின் பத்மசிறீ விருதும் பெற்றவர். காட்டில் மகப்பேறு பார்த்து வந்த தம் தாயிடமிருந்து மருந்தறிவு பெற்றவர். 1950களில் பழங்குடிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாத காலத்தில் நெடுந்தொலைவு நடந்து எட்டாம் வகுப்புவரை பயின்றவர். நச்சுக்கடி மருத்துவத்தில் பெயர் பெற்றவர், கவிதை இயற்றியவர். ஐந்நூறுக்கு மேற்பட்ட மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவில் கொண்டிருந்தார் என்பது விருதின்போது பரவலாகப் பேசப்பட்டது.

இந்த எண்ணிக்கையே செய்தியிதழ்களைக் கவர்ந்தது. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. ஓலை வேய்ந்த அவரது குடிலைச் சுற்றி மூலிகைகள் வளர்ந்தன. அதற்கு அப்பால் காடு. எது தோட்டத்தின் எல்லை, எது காட்டின் தொடக்கம் என்று கோடு போட இயலாத நிலம் அது. நோயாளர் மலையேறி அவரிடம் வந்தனர். அவர் வீட்டிற்கு 1952இல் ஒப்புதலான சாலை பல பத்தாண்டுகள் கடந்தும் வரவில்லை என்னும் செய்தி விருதுச் செய்திகளுடன் சேர்ந்தே வெளியாயிற்று. கடைச்சரக்கு மருத்துவருக்குச் சாலை இல்லையேல் சரக்கு வாராது. பச்சிலை மருத்துவருக்குச் சாலை இல்லையேல் நோயாளர் வருவது அரிது. ஒரு சாமக் கணக்கு இன்றும் நடைமுறையில் இருக்கும் இடத்தில் சாலையும் மருந்தின் ஒரு பகுதியாகி விடுகிறது. நஞ்சுண்டவரைத் தூக்கி வரும் வழியில் இது எத்துணைப் பெரிய வேறுபாடு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆரோக்கியப்பச்சை

இனி, பச்சை உலர்வாக மாறிய நிகழ்வொன்றைச் சற்று விரிவாகக் காணலாம். இது பன்னாட்டுச் சட்ட அறிஞர்களால் பலமுறை எழுதப்பட்டது. தமிழாய்வுலகம் போதிய அளவு நோக்காதது.

1987 இறுதியில் புஷ்பாங்கதன் தலைமையிலான இனத்தாவரவியல் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் ஆய்வு செய்தது. வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் களைப்பின்றி நடந்ததையும், இடையிடையே ஒரு சிறு செடியின் காயை மென்றதையும் குழுவினர் கண்டனர். தாமும் உண்டு பார்த்துக் களைப்பு நீங்கக் கண்டனர். முதலில் தயங்கிய வழிகாட்டிகள் பின்னர்ச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை, வடமொழியும் தென்மொழியும் புணர்ந்த பெயர். ஈரப்பதமிக்க மலைக்காட்டின் நிழலில் தரையொட்டி வளர்வது. அறிவியற்பெயர் இலங்கையைச் சுட்டினும், இம்மலையில் வளர்வது திருவிதாங்கூர்க்குரிய உள்ளினமாகத் தனித்துக் குறிக்கப்படுகிறது.

வித்துராவை அடுத்த பாலோட்டில் 1979இல் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இச்செடியை ஆராய்ந்தது. காணிக்காரர் உண்டது காய். நிறுவனம் மருந்துக்குத் தேர்ந்தது இலை. ஆரோக்கியப்பச்சை இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியன சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. விஷ்ணுகிரந்தி மேற்கூறிய முற்றத்துப் பத்தில் ஒன்று. அமுக்கராவும் திப்பிலியும் கடைச்சரக்கு. மலைக்காட்டின் செடியும் முற்றத்துக் களையும் அங்காடிப் பொருளும் ஒரே பொடியில் கலந்தன. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்திற்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பெற்றது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமப்பங்கு. இதில் பாதியைக் காணிக்காரர்க்கு அளிப்பதென நிறுவனம் முடிவு செய்தது. பணத்தைப் பெற ஓர் அமைப்பு வேண்டும் என்பதால் 1997இல் கேரளக் காணி சமுதாய சேமநல அறக்கட்டளை பதிவாயிற்று; 1999இல் ஐந்து இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட தொகை அதற்குச் சென்றது. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் ஒப்பந்தம் வலியுறுத்திய பயன்பகிர்வு நடைமுறையில் நிகழ்ந்த தொடக்ககால எடுத்துக்காட்டு என்று உலகெங்கும் இது போற்றப்பட்டது. அப்போற்றுதலில் உண்மை உண்டு. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில், அறிவின் உரிமையாளரைத் தேடிச் சென்று பாதியைக் கொடுத்தது சிறிய செயலன்று.

ஆயின் வித்துராவிலிருந்து நோக்குங்கால் காட்சி மாறுகிறது. செடியைக் காட்டியவர்களும் அறக்கட்டளையில் முன்னின்றவர்களும் பெரும்பாலும் குற்றிச்சல் பகுதியினர். வித்துரா, பெரிங்ஙமல பகுதிக் காணிக்காரரிடையே, தம்மைக் கேளாமலே இது நடந்தது என்னும் மனக்குறை இருந்தது. 1995 செப்டம்பரில் ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சர்க்கு மடல் எழுதி, தம் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். இம்மடலை மாறுபட்ட ஒரு பிரிவினரின் குரல் என்று கடந்து செல்லும் ஆய்வுகள் உண்டு. எம் கருத்தில், இந்நிகழ்வு முழுவதிலும் மிக ஆழமான வினா இம்மடலிலேயே உள்ளது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் பிலாத்திகள் அல்லர். காட்டின் காய் எல்லார்க்கும் பொதுவா, அதன் மருந்தறிவு பிலாத்தியின் காணியா? 'காணிக்காரர் அறிவு' என்று ஒற்றைப் பெயரிட்டு அதற்கு 50 விழுக்காடு என்று கணக்கிட்டபோது, அந்த அறிவு உள்ளே எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்னும் வினாவுக்கு இடமில்லாமற் போயிற்று. பணம் போதாது என்பதன்று பிலாத்திகளின் முறையீடு. விற்றதே அவர்கள் எதிர்த்தது.

அடுத்த சிக்கல் வளர்ப்பில் எழுந்தது. மருந்துக்கு இலை தொடர்ந்து வேண்டும். காணிக்குடும்பங்கள் சிலவற்றுக்கு வீட்டருகே ஆரோக்கியப்பச்சை வளர்க்கப் பயிற்சியும் உதவியும் அளித்து, இலையை நிறுவனமே வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வீட்டு மூலிகை வளர்ப்பின் வரலாற்றில் இது முற்றிலும் புதிய நிலை: உண்பதற்கன்றி விற்பதற்காக, காயையன்றி இலையை, பச்சையாகவன்றி உலர்த்துவதற்காக வளர்த்தல். வனத்துறை இதனை ஏற்கவில்லை. குடியிருப்புகள் இருந்ததே வனநிலத்தில். அங்கு வளர்ந்த செடியின் இலையையும் காட்டில் பறித்த இலையையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பது துறையின் வினா. விலை வந்தபின் காட்டுச் செடியே வேரோடு பறிபோகும் என்னும் அச்சமும் இருந்தது. அது வீண் அச்சம் என்று கூற முடியாது. சமவெளியில் வளர்க்கலாம் எனில், இச்செடி தன் மலைநிழலை விட்டு நீங்கினால் மருந்தாற்றல் குன்றும் என்று நிறுவன அறிஞர்களே கருதினர். ஆக, காட்டில் பறிக்கத் தடை. காட்டுக்குள் வளர்க்கவும் தடை. காட்டுக்கு வெளியே வளர்த்தால் பயனில்லை. மருந்துக்கு வேண்டிய இலைவரத்து இத்தடைகளுக்கிடையே தடுமாறியது.

வளர்த்ததா, முளைத்ததா?

இந்நிகழ்வின் பின் சட்டங்கள் வந்தன. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பயன்பகிர்வைக் கட்டாயமாக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர்க்கு நிலவுரிமையோடு, பல்லுயிர் வளம்சார் மரபறிவின் மீது சமூக உரிமையையும் ஏற்றது. காணி என்னும் சொல்லின் கல்வெட்டுப் பொருள் ஒருவகையில் மீண்டது எனலாம்.

2023இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, தொகுத்து எழுதப்பெற்ற மரபறிவுக்கும், வளர்க்கப்பட்ட மருந்துச் செடிகளுக்கும் விலக்குகள் அளிக்கப்பட்டுள்ளன. மருந்து நிறுவனங்களின் சுமையைக் குறைப்பதும், காட்டுச் செடியை விட்டு வளர்ப்புச் செடியை நாடச் செய்வதும் இதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. தமிழ்த் துறைகள் இதனைக் கூர்ந்து நோக்கக் காரணம் உண்டு. சித்த நூல்கள் எழுதப்பெற்றவை. 2001 முதல் உருவாகிவரும் மரபறிவு மின்னூலகத்தில் அவையும் இடம்பெற்றுள்ளன. சுவடியைப் பதிப்பித்து உலகறியச் செய்வது அதனைப் பிறர் காப்புரிமை பெறாதவாறு காக்கும் என்று நாம் நம்பி வந்தோம், அது சரியே. ஆனால் அதே எழுத்து, இத்திருத்தத்தின்கீழ், பயன்பகிர்வுக்கான உரிமையையும் நீக்கிவிடுகிறது. பிலாத்தியின் வாய்மொழி எழுதப்படாதவரை பகிர்வுக்கு உரியது. அதனை நாம் களப்பணி செய்து நூலாக்கினால் யாது நேரும் என்பது தெளிவாக வரையறுக்கப்பட வேண்டிய ஒன்று. நாட்டார் வழக்காற்றுத் துறைகளில் இளம் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் 'வட்டார மருத்துவம்' என்னும் தலைப்பில் செடி, பயன் எனப் பட்டியலிட்டு ஏடுகளை நிரப்புகின்றனர். பட்டியலுக்கு உள்ள இந்த விளைவை நெறியாளர்கள் அவர்களுக்கு முன்னதாகவே எடுத்துரைத்தல் நன்று.

அன்றியும், அத்தகு பட்டியல்களில் பெரும்பாலும் பச்சைத்தன்மை காணாமற் போகிறது. 'முக்குற்றி: இருமல்' என்று எழுதினால் செடியும் நோயும் பதிவாகின்றன. எம்மழைக்குப் பின் பறித்தது, வேரோடா வேரின்றியா, எவர் பறிக்கலாம், அரைத்து எத்துணைப் பொழுதுக்குள் கொடுத்தது என்பன பதிவாவதில்லை. நூலில் ஏறியது கடைச்சரக்கு வடிவமே. 1993இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற உள்ளூர் நலவாழ்வு மரபுகளின் புத்துயிர்ப்புக்கான நிறுவனம் தென்மாநிலச் சிற்றூர்களில் வீட்டு மூலிகைத் தோட்டங்களைப் பரப்பியபோது, அந்தந்த வட்டாரத்திற்கேற்ற சில செடிகளைத் தேர்ந்து, கன்றுடன் பயன்படுத்தும் முறையையும் கற்பித்தது. அவ்வகையில் அது பட்டியலைவிட ஒருபடி மேலானது. எனினும் 2020இல் பெருந்தொற்று வந்தபோது தமிழகம் நாடியது முற்றத்துப் பச்சிலையை அன்று. பொட்டலத்தில் வந்த கபசுரக் குடிநீர்ச் சூரணத்தை. ஊரடங்கில் கோடிப்பேருக்கு வழங்க உலர்ந்த சரக்கே ஏற்றது. இதில் குறைகூற ஏதுமில்லை. ஒரு சாமம் நிலைப்பதும் மூன்று மாதம் நிலைப்பதும் வெவ்வேறு வகைச் சமூகங்களுக்கு உரிய மருந்துகள்.

பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று பேண வேண்டும். பயிர்கள், வளர்ப்பினங்கள், காட்டுயிர்கள் எனப் பகுத்து நிரப்ப வேண்டிய படிவங்கள் அதில் உள. களைகளுக்கும் தனிப்படிவம் உண்டு. வளர்ப்புச் செடிக்குரிய விலக்கைப் பெறத் தோற்றச் சான்றும் வேண்டும். மொட்டமூட்டுக் குடிலருகே, வனநிலத்தில், ஆடி மழைக்குத் தானாய் முளைத்து, முற்றம் பெருக்கியவர் பிடுங்காது விட்ட பூவாங்குருந்தலை இப்படிவங்களுள் எதில் எழுதுவது என்பதை ஊராட்சி எழுத்தர் முடிவு செய்யலாம். ஆனால் விட்டவரைக் கேட்டு எழுதுவதற்கான கட்டம் அவற்றுள் எதிலும் இல்லை.